ரீவி வந்துவிட்டது, பிள்ளைகள் இன்னும் வாசிக்கவில்லை: தரம் 1, 2 படிப்பிக்கிறவர்கள் கொஞ்சம் வாருங்கள்

குளக்கட்டு

எல்லோருக்கும் வணக்கம். ஒட்டுசுட்டானிலிருந்து உள்ளே போகிற பாதையில் ஒரு சின்னப் பாடசாலை. அங்கே தரம் 1 படிப்பிக்கிறேன். வகுப்பில் 14 பிள்ளைகள். போன தவணை, வெளிநாட்டில் இருக்கிற பழைய மாணவர்கள் காசு சேர்த்து 43 அங்குல ரீவி ஒன்று வாங்கித் தந்தார்கள். வந்த அன்று பிள்ளைகளுக்குத் திருவிழாதான். குரங்குத் தொல்லை இருப்பதால் அதிபர் அதற்குப் பலகைப் பெட்டி செய்வித்துப் பூட்டும் போட்டார்.

அன்றிலிருந்து எழுத்துப் பாட்டுக் காணொளிகளைப் போட்டுக் காட்டினேன். என் போனில் இறக்கி, பென்ட்றைவில் ஏற்றிக் கொண்டுபோவேன். பாடசாலையில் சிக்னல் இல்லை. இரண்டு மாதத்தில் பிள்ளைகள் அ முதல் ஃ வரை ராகத்தோடு பாடினார்கள். திரையில் ‘ம’ வரும் முன்பே ‘மயில்’ என்று கத்துவார்கள். எனக்கு அவ்வளவு சந்தோசம். பெற்றோர் கூட்டத்தில்கூடப் பாட வைத்தேன்.

போன கிழமை வெள்ளை அட்டையில் கறுப்புப் பேனையால் ‘ம’ எழுதிக் காட்டினேன். 14 பேரில் 5 பேர்தான் சரியாகச் சொன்னார்கள். ஒரு மகன், “மஞ்சளாக இருக்கிறதுதான் ம, ரீச்சர்” என்றான். காணொளியில் அந்த எழுத்து மஞ்சள் நிறம். இன்னொரு பிள்ளை அட்டையை என் கையிலிருந்து வாங்கித் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கத்தில் மயில் இருக்கிறதா என்று தேடினாள்.

அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை. இந்தப் பிள்ளைகளின் தாய் தகப்பன்மார் பலர் பள்ளிக்கூடம் போகிற வயதில் புத்தகப் பையோடு ஊர் ஊராக ஓடியவர்கள். வாசிக்கத் தெரியும், ஆனால் பிள்ளைக்கு வாசித்துக் காட்டக் கூச்சப்படுகிறார்கள். அதனால் இந்தப் பிள்ளைகள் வாசிக்கப் பழகுவது அநேகமாக என் வகுப்பில்தான். இரண்டு மாதத்தை வீணாக்கிவிட்டேனோ என்று பயமாக இருக்கிறது.

ரீவியைப் பூட்டி வைப்பதா, அல்லது நான் பாவிக்கிற விதம்தான் பிழையா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பென்சில்துண்டு

ரீச்சர், இதே கதை இங்கேயும். துணுக்காய்ப் பக்கம், தரம் 2. பாட்டு முழுக்கத் தெரியும், பாட்டுக்கு வெளியே எழுத்து தெரியாது. நடுவில் ‘ஞ’ எது என்று கேட்டால், அ-விலிருந்து பாடிக்கொண்டு வந்துதான் பிடிக்கிறார்கள். பதில்களுக்காக நானும் இங்கே இருக்கிறேன்.

முதிரை

குளக்கட்டு ரீச்சர், நான் 34 வருடம் ஆரம்பப் பிரிவில் படிப்பித்து ஓய்வு பெற்றவன். பயப்படாதீர்கள், இரண்டு மாதம் வீணாகவில்லை. பிள்ளைகளுக்கு ஓசை காதில் ஏறியிருக்கிறது. கண்ணில்தான் இன்னும் ஏறவில்லை.

அட்டையைத் திருப்பிப் பார்த்த பிள்ளையை நினைத்துப் பாருங்கள். அவள் எழுத்தை வாசிக்கவில்லை, படத்தை வாசித்திருக்கிறாள். திரையில் ஒரே நேரத்தில் மயில் ஆடுகிறது, பாட்டு கேட்கிறது, பின்னால் வானவில் ஓடுகிறது, மூலையில் ஒரு ‘ம’ நிற்கிறது. ஆறு வயதுக் கண் எங்கே போகும்? ஆடுகிற மயிலிடம்தான். எழுத்தைப் பார்க்காமலே விடை சொல்ல முடிகிற இடத்தில் எந்தப் பிள்ளையும் எழுத்தைப் பார்க்காது. எங்கள் காலத்துப் பட அட்டையிலும் இதே பிழை இருந்தது.

ஆகவே வரிசையை மாற்றுங்கள். முதலில் எழுத்து மட்டும், வெறும் வெள்ளைத் திரையில், கறுப்பு நிறத்தில். சத்தம் வேண்டாம். பிள்ளைகள் சொல்லும் வரை காத்திருங்கள். சொன்ன பிறகு ஓசை, அதற்குப் பிறகு மயில். மயில் அவர்கள் வாசித்ததற்குக் கிடைக்கிற பரிசாக இருக்கட்டும்.

அந்த எழுத்தைத் திரையில் பார்த்த கையோடு வேறு மூன்று இடத்திலாவது பார்க்க வேண்டும்: மணலில், கொப்பியில், பாடப் புத்தகத்தில். நிறமும் அளவும் இடமும் மாறினாலும் இது அதே ‘ம’தான் என்று பிள்ளை தானே கண்டுபிடிக்கிற வரை விடாதீர்கள். ரீவி ஐந்து நிமிடம் என்றால் தரையிலும் கொப்பியிலும் இருபது நிமிடம்.

சரி, ரீவி எதற்கு என்று கேட்பீர்கள். அசைவு இருந்தால்தான் விளங்கும் என்கிற இடம் தமிழில் ஒன்று இருக்கிறது. ‘கெ’ என்ற எழுத்தைப் பாருங்கள். கண்ணுக்கு முதலில் படுவது ஒற்றைக் கொம்பு, பிறகு ‘க’. வாய்க்கோ முதலில் வருவது ‘க்’, பிறகுதான் ‘எ’. கண் போகிற திசையும் வாய் போகிற திசையும் வேறு. ‘கொ’ இன்னும் மோசம், உயிர் இரண்டு பக்கமும் பிரிந்து நிற்கிறது. 216 உயிர்மெய்யில் எ, ஏ, ஐ, ஒ, ஓ, ஔ என்ற ஆறு வரிசையிலும் இந்தச் சிக்கல். பிள்ளைகள் தடக்கி நிற்பதும் அங்கேதான். நான் கரும்பலகையில் கொம்பை அழித்து அழித்து எழுதிக் காட்டியே கை ஓய்ந்தேன். உங்கள் திரையில் ‘க’ நிற்க, கொம்பு மெல்ல நடந்து வந்து முன்னால் நிற்கவும், அந்த நேரத்தில் ‘க’ என்ற ஓசை ‘கெ’ என்று மாறவும் செய்தால், நான் ஒரு தவணை பட்ட பாடு உங்களுக்கு ஒரு கிழமையில் முடியும்.

இன்னொன்று, பாட்டுக் காணொளிகள் ‘க’வுக்கு ஒரே ஓசைதான் சொல்லிக் கொடுக்கும். ஆனால் கல், தங்கம், பகல் மூன்றிலும் ‘க’ மூன்று விதமாக ஒலிக்கும். தனி எழுத்தாகப் பழகிய பிள்ளை ‘பகல்’ என்பதைக் கல்லுடைக்கிற மாதிரி வாசித்துவிட்டு, தான் வாசித்தது என்ன சொல் என்று தெரியாமல் நிற்கும். எழுத்து நாலைந்து தெரிந்த உடனேயே சொல்லுக்குப் போங்கள். நான் ட, ப, ம என்று தொடங்குவேன். அந்த மூன்றிலேயே படம், பட்டம், மடம், மட்டம் வந்துவிடும்.

2009 இல் செட்டிகுளம் முகாமில் தறப்பாள் கொட்டிலுக்குள் தரம் 1, 2 படிப்பித்தேன். கரும்பலகை கிடையாது. உரப்பையை வெட்டிக் கரியால் எழுதித் தொங்கவிட்டோம். அங்கே வாசிக்கப் பழகிய பிள்ளைகள் இருக்கிறார்கள். இதை ரீவி வேண்டாம் என்பதற்காகச் சொல்லவில்லை. அந்த நாட்களில் இப்படி ஒரு ரீவி என்னிடம் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று இப்போதும் யோசிக்கிறேன். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

கச்சான்

நான் ரீச்சர் இல்லை, அம்மா. புதுக்குடியிருப்பு. மூத்தவன் தரம் 1. ஒரு தாயின் பக்கத்திலிருந்து ஒன்று சொல்ல வேண்டும்.

இந்தக் காணொளிகள் அநேகமாகத் தமிழ்நாட்டில் செய்தவை. நல்ல வேலைதான், குறை சொல்லவில்லை. ஆனால் ‘நா’வுக்கு நாற்காலி என்று வருகிறது. எங்கள் வீட்டில் அது கதிரை. என் மகன் படத்தைப் பார்த்து “கதிரை” என்கிறான், திரை “நாற்காலி” என்கிறது. தான் பிழை என்று நினைத்து வாயை மூடிக்கொண்டான். பப்பாளி என்கிறது, நாங்கள் பப்பாசி என்கிறோம். வேர்க்கடலை என்கிறது, அவனுக்கு அது கச்சான். சீத்தாப்பழம் என்று காட்டிய அன்று, கிணற்றடியில் நிற்கிற அன்னமுன்னாதான் அது என்று நான் சொன்னபோது அவன் நம்பவே இல்லை.

‘காற்று’, ‘நேற்று’ என்று வருகிற இடத்தில் ற்ற-வைச் சொல்லுகிற விதமும் வேறு. நாங்கள் சொல்லுகிற மாதிரி அங்கே சொல்லுவதில்லை. என் மாமி பக்கத்தில் இருந்து கேட்டுவிட்டு, “இது எந்த ஊர்ப் பேச்சு?” என்றார்.

பெரிய பிள்ளைகளுக்கு இரண்டு சொல்லும் தெரிந்திருப்பது நல்லது. எழுத்துப் பழகுகிற பிள்ளைக்கோ, தனக்கு ஏற்கெனவே தெரிந்த சொல் எழுத்தாக வந்தால்தானே “ஓ, இதுதானா!” என்று இருக்கும்? தெரியாத எழுத்தும் தெரியாத சொல்லும் ஒன்றாக வந்தால் எதைப் பிடிக்கும்?

குளக்கட்டு

கச்சான் அக்கா, நன்றி. இது எனக்குத் தோன்றவே இல்லை. நானே ‘நாற்காலி’ என்று பாட வைத்திருக்கிறேன்.

முதிரை சேர், கொம்பு நடந்து வருகிற மாதிரி நான் எப்படிச் செய்வது? என்னிடம் பழைய லப்ரொப் ஒன்று இருக்கிறது. பவர்பொயின்ற் ஓரளவு தெரியும். ‘கொ’வை யுனிகோட்டில் அடித்தால் ஒரே துண்டாக வருகிறது, பிரிக்க முடியவில்லை. கொம்பை மட்டும் அடித்தால் பக்கத்தில் ஒரு புள்ளி வட்டம் வருகிறது.

வயர்மேன்

வவுனியாவில் இருந்து எழுதுகிறேன். பாடசாலைகளுக்கு ரீவி, புரொஜெக்ரர் பூட்டிக் கொடுப்பதுதான் வேலை. படிப்பிக்கத் தெரியாது, பெட்டி பற்றிச் சொல்லலாம்.

ரீச்சர், ரீவி கிடைத்தது உங்கள் அதிர்ஷ்டம். வன்னியில் பாதி வகுப்பறைகளுக்கு அரைச்சுவர்தான். பத்து மணிக்கு வெயில் உள்ளே அடிக்கும்போது புரொஜெக்ரர் படம் வெளிறிவிடும். அப்போது முதலில் காணாமல் போவது மெய்யெழுத்தின் புள்ளி. ஒரு பாடசாலையில் ‘பட்டம்’ என்று போட்டிருந்தார்கள், பின்வாங்கில் இருந்து பார்த்தால் ‘படடம’ என்றுதான் தெரிந்தது. பிள்ளை என்ன செய்யும்? புள்ளியைக் கண்ணால் பார்க்க முடிகிற அளவுக்கு எழுத்துத் தடிப்பாக இருக்க வேண்டும். கடைசி வரிசையில் நீங்கள் குந்தி இருந்து பார்த்துச் சரி என்றால் சரி.

‘கொ’ பிரச்சினைக்கு வழி இருக்கிறது. அந்த ஒரு வேலைக்கு மட்டும் யுனிகோட்டை விட்டு, பாமினி என்ற பழைய எழுத்துருவுக்குப் போங்கள். பாமினியில் கொம்பு, க, அரவு (‘ா’) மூன்றும் தனித்தனி விசை. அதனால் மூன்று பெட்டியில் மூன்றையும் அடித்து, கொம்பை மட்டும் நகர்த்தலாம். பாமினி இல்லாத கணினியில் திறந்தால் எல்லாம் ஆங்கில எழுத்தாகக் கொட்டுண்டு கிடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஆகவே பவர்பொயின்றாகக் கொண்டுபோகாமல் வீடியோவாகவோ படமாகவோ சேமித்துக் கொண்டுபோங்கள்.

என்னைக் கேட்டால் படம்தான் நல்லது. ஒவ்வொரு பக்கத்தையும் ஜேபெக் படமாகச் சேமித்து 01, 02, 03 என்று இலக்கம் போட்டு பென்ட்றைவில் ஏற்றுங்கள். ரீவியில் தானாக ஓடுவதை நிறுத்திவிட்டால், றிமோட்டில் அம்புக்குறியை அமத்தினால்தான் அடுத்த பக்கம் வரும். வீடியோ பிள்ளைக்காக நிற்காது, படம் நிற்கும். முதிரை சேர் சொல்லுகிற ‘காத்திருங்கள்’ என்பது அப்போதுதான் நடக்கும். கொம்பு நடக்கிற இடத்துக்கு மட்டும் ஏழெட்டுப் படம் அடுத்தடுத்து வைத்துவிட்டு வேகமாகத் தட்டுங்கள், நடக்கிற மாதிரியே இருக்கும்.

மறக்காமல் வோல்ற்றேஜ் ஸ்டபிலைசர் ஒன்று பூட்டுங்கள். உள்ளூரில் கரண்ட் ஏறி இறங்கி எரிந்த ரீவிகளைக் கனக்கக் கண்டுவிட்டேன்.

பனிக்காலம்

ரொறொன்ரோவில் இருக்கிறேன், பிறந்தது மாங்குளம். வாசிக்க வாசிக்க நெஞ்சு நிறைகிறது. நாங்கள் கொஞ்சப் பேர் சேர்ந்து பிள்ளைக்கு ஒன்றாக ரப்லெற் வாங்கி அனுப்பலாம் என்று யோசித்துக் கொண்டிருந்தோம். தொட்டால் பேசுகிற, விளையாட்டோடு வருகிற கதைப் புத்தகச் செயலிகள் நிறைய இருக்கின்றன. 14 பிள்ளைகள் என்றால் எங்களால் முடியும். அனுப்பட்டுமா? உண்மையாக உதவுமா என்று சொல்லுங்கள், உதவாது என்றால் வேறு செய்வோம்.

முதிரை

தம்பி, உங்கள் மனதுக்கு முதலில் நன்றி.

2015 இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் கணினிக் கதைப் புத்தகங்கள் பற்றிய பல ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். கதையோடு பொருந்தி வருகிற அசைவும் ஓசையும் பிள்ளைக்குக் கதையை விளங்க உதவின. கதையின் நடுவே வைத்த விளையாட்டுகளும், தொட்டால் குதிக்கிற பொருட்களும் கவனத்தைக் கலைத்தன. ஏற்கெனவே பின்தங்கிய பிள்ளைகளுக்கு அது இன்னும் கூடாது. வகுப்பில் நிற்கிற எங்களுக்கு இது புதினமில்லை. குரங்கைத் தொட்டால் குட்டிக்கரணம் அடிக்கும் என்றால் பிள்ளை குரங்கைத்தான் தொடும், வரியை வாசிக்காது.

ஆகவே ஆளுக்கொரு ரப்லெற் இந்த வயதுக்கு வேண்டாம் என்பது என் கருத்து. 14 பிள்ளைகளும் ஒரு திரையைப் பார்த்து ஒன்றாகச் சத்தம் போட்டு வாசிக்கும்போது ஒருவரை ஒருவர் திருத்துகிறார்கள். தனித்தனித் திரையில் அது இல்லை.

காசு இருந்தால் அச்சடித்த புத்தகத்துக்குச் செலவு செய்யுங்கள். பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015 இல் தொடங்கிய ‘ஸ்ரோரிவீவர்’ தளத்தில் தமிழ்க் கதைகள் இருக்கின்றன. திறந்த உரிமம், இறக்கி அச்சடிக்கலாம், சொற்களை எங்கள் ஊருக்கு ஏற்ற மாதிரி மாற்றியும் கொள்ளலாம். கச்சான் பிள்ளை சொன்ன பப்பாசிக்கும் அன்னமுன்னாவுக்கும் அங்கே இடம் உண்டு. திரையில் ஒன்றாக வாசித்த அதே கதையைப் பிள்ளை கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்ப முடிந்தால், அதற்கு மேல் என்ன வேண்டும்?

பனிக்காலம்

அப்படியே செய்வோம் ஐயா. அச்சுச் செலவுக்குக் கணக்குப் போட்டுச் சொல்லுங்கள்.

மணல்தட்டு

முழங்காவில் பக்கம் முன்பள்ளி ஆசிரியை. மூன்று வயதிலிருந்து ஐந்து வயது வரை. இங்கே தரம் 1 பற்றித்தான் கதை போகிறது, ஆனால் பெற்றோர் என்னிடமும் “ரீவி இல்லையா, ரீச்சர்?” என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள். அதனால் எழுதுகிறேன்.

உலக சுகாதார நிறுவனம் 2019 இல் சொன்னது: இரண்டிலிருந்து நாலு வயது வரை ஒரு நாளைக்குத் திரை ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், குறைந்தால் இன்னும் நல்லது. என் பிள்ளைகள் பலர் அந்த ஒரு மணி நேரத்தைக் காலைச் சாப்பாட்டோடே முடித்துவிட்டு வருகிறார்கள். போன் காட்டாமல் வாய் திறப்பதில்லை என்று தாய்மாரே சொல்லுகிறார்கள். அதற்கு மேல் நானும் போட்டால் என்ன மிச்சம்?

2003 இல் வெளிவந்த ஓர் ஆய்வு எனக்கு மறப்பதில்லை. பட்ரீஷியா கூல் என்பவர் அமெரிக்காவில் ஒன்பது மாதக் குழந்தைகளுக்குச் சீன மொழி கேட்க வைத்தார். ஆள் நேரில் இருந்து கதைத்து விளையாடிய குழந்தைகள் அந்த மொழியின் ஓசைகளைப் பிரித்தறியப் பழகின. அதே ஆட்கள் அதே மொழியில் பேசியதை ரீவியில் பார்த்த குழந்தைகள் பழகவில்லை. ஒன்பது மாதம் வேறு, ஆறு வயது வேறு, தெரியும். ஆனாலும் ஒரு முகம் திரும்பிப் பார்த்துப் பதில் சொல்லுவதில் ஏதோ இருக்கிறது.

எங்களிடம் கடற்கரை மணல் இருக்கிறது. விஜயதசமிக்கு ஏடு தொடக்கும்போது அரிசியில் பிள்ளையின் விரலைப் பிடித்து ‘அ’ எழுதுகிறோமே, அதையே நாளாந்தம் மணலில் செய்கிறேன். விரல் போகும்போது வாயும் ஓசை சொல்ல வேண்டும். திரைக்குப் பதிலாக ஒரு சின்ன புளூருத் ஸ்பீக்கர் மட்டும் வைத்திருக்கிறேன். கண்ணை மூடிக் கேட்பது: இது காகமா, மயிலா? இது அலையா, மழையா? பிறகு, ‘மயில்’ எந்த ஓசையில் தொடங்குகிறது? வாசிப்புக்குக் காதுதான் முதல் வாசல். என் முன்பள்ளியிலிருந்து போகிற பிள்ளைகளுக்கு எழுத்து முழுக்கத் தெரியாது, ஆனால் ஓசையைப் பிரிப்பார்கள்.

அரைச்சுவர்

நான் கொஞ்சம் மாறிப் பேசப்போகிறேன், கோபிக்க வேண்டாம்.

நெடுங்கேணிக்கு அங்கால், தரம் 1, 2, 3 மூன்றுக்கும் நான் ஒருத்திதான். 11 பிள்ளைகள், ஒரு வகுப்பறை. தரம் 3-க்குக் கணிதம் சொல்லிக் கொடுக்கும்போது தரம் 1 என்ன செய்யும்? எனக்கு வீடியோ என்பது இரண்டாவது ரீச்சர். “காத்திருங்கள், நிறுத்துங்கள், கேளுங்கள்” என்று எழுதுவது சுகம். காத்திருப்பதற்கு என்னிடம் ஆள் இல்லை. வீடியோ நிற்காமல் ஓடுவது எனக்கு அந்தப் பதினைந்து நிமிடத்தில் உதவிதான்.

ஆனால் என்ன வீடியோ என்பதில் நானும் மாறினேன். இந்தியாவில் பிரிஜ் கோத்தாரி என்பவர் 1996 இல் ஒரு எண்ணம் கொண்டார்: ரீவிப் பாட்டுக்கு அதே மொழியில் கீழே வரி போட்டு, பாடப்பாட அந்தச் சொல் நிறம் மாறினால், பார்க்கிறவர் தானாக வாசிப்பார். 1999 இல் குஜராத்தில் ரீவியில் ஒளிபரப்பினார்கள். வரி ஓடினால் கண் அதைப் பார்க்காமல் விடாது என்பதுதான் அதன் பலம். நான் அதைப் பார்த்துச் செய்தேன். தரம் 3 பிள்ளைகள் இங்கத்தை அரிவி வெட்டுப் பாட்டைப் பாட, போனில் பதிந்து, வரி போட்டேன். தரம் 2 பிள்ளைகள் அதைப் பார்த்துக் கூடவே பாடுகிறார்கள். பாட்டு மனப்பாடம் ஆன பிறகு சத்தத்தை நிறுத்திவிடுவேன். வரி மட்டும் ஓடும். அப்போது பாடுகிறவன் வாசிக்கிறான்.

தரம் 1-க்கு இது பொருந்தாது, ஒத்துக்கொள்கிறேன். நாலைந்து எழுத்தாவது கையில் இருக்க வேண்டும்.

முதிரை

அரைச்சுவர் ரீச்சர், நீங்கள் சொல்லுவது சரி. நான் ஒரு வகுப்புக்கு ஒரு ஆசிரியர் என்று நினைத்து எழுதிவிட்டேன். சத்தத்தை நிறுத்திப் பாட வைப்பது நான் கேட்டவற்றில் நல்ல வழி. உங்கள் வகுப்பில் ஒரு தரம் 3 பிள்ளையிடம் றிமோட்டைக் கொடுத்துப் பாருங்கள். சின்னவன் வாசித்த பிறகுதான் அடுத்த பக்கம் என்று சொல்லிவையுங்கள். காத்திருக்க ஒரு ஆள் கிடைப்பான். சின்னவனுக்குப் படிப்பிக்கிற பெரியவனின் வாசிப்பும் உயரும்.

குளக்கட்டு

ஆறு கிழமை கழித்து எழுதுகிறேன். என்ன நடந்தது என்று எல்லோருக்கும் சொல்ல வேண்டும்.

பாட்டுக் காணொளிகளை நிறுத்தினேன். பிள்ளைகள் முதல் இரண்டு நாள் அழுதார்கள். மூன்றாம் நாள் எல்லோரையும் கூட்டிக்கொண்டு பாடசாலைப் படலைக்குப் போனேன். போனைக் கொடுத்து, ஆளுக்கொரு படம் எடுக்கச் சொன்னேன். படலை, மாட்டுப் பட்டி, மரம், மடம், கிணற்றடி, குளக்கட்டு, வான் பாய்கிற இடம். ஒருவன் தன் தம்பியின் பட்டத்தை வீட்டிலிருந்து கொண்டுவந்து எடுத்தான். ‘ப’வும் ‘ட’வும் ‘ம’வும் எங்களைச் சுற்றியே இவ்வளவு கிடந்திருக்கின்றன.

வயர்மேன் தம்பி சொன்னபடி ஒவ்வொன்றையும் இரண்டு பக்கமாகச் செய்தேன். முதல் பக்கத்தில் சொல் மட்டும், கறுப்பு எழுத்து. அடுத்த பக்கத்தில் பிள்ளை எடுத்த படம். ‘படலை’ என்று வந்தால், யார் அந்தப் படத்தை எடுத்ததோ அந்தப் பிள்ளைக்கு நெஞ்சு அடிக்கும், தன் படம் வரப்போகிறது என்று தெரியும். மற்றப் பிள்ளைகள் வாசித்தால்தான் அம்பை அமத்துவேன். எல்லோரும் எழுத்தைத்தான் பார்க்கிறார்கள், வேறு பார்க்க ஒன்றும் இல்லை.

ஓசையும் அவர்களுடையதே. சொல்லைச் சொல்லுகிற குரல், படம் எடுத்த பிள்ளையின் குரல். என் போனில் பதிந்து ஸ்பீக்கரில் விடுகிறேன்.

இப்போது வெள்ளை அட்டையில் ப, ட, ம, க, ர, ல, வ எழுதிக் காட்டினால் 14 பேரில் 11 பேர் சொல்லுகிறார்கள். 9 பேர் இரண்டு மூன்று எழுத்துச் சொற்களை வாசிக்கிறார்கள். கொம்பு நடக்கிற பக்கங்களை இந்தக் கிழமைதான் தொடங்கினேன். ‘ெ’ வந்து நிற்கும்போது பிள்ளைகள் தாங்களாகவே எழும்பி, ‘க’ என்று நிற்கிறவனின் இடப் பக்கமாக ஓடிப்போய் நிற்கிறார்கள். நான் சொல்லிக் கொடுக்கவில்லை. ஒரு பிள்ளை ‘கொ’வுக்கு இன்னும் ஒரு ஆள் வேண்டும் என்று கேட்டு வலப் பக்கத்தில் ஒருத்தியை நிறுத்தினான்.

மிச்ச மூன்று பேர். ஒருவன் எப்போதும் ரீவிக்குக் கிட்டப் போய் நிற்பான். குழப்படி என்று நினைத்து இரண்டு தரம் பின்னால் அனுப்பினேன். பிறகுதான் உறைத்தது. தாயிடம் சொல்லி ஆஸ்பத்திரியில் கண் காட்ட வைத்தேன், கண்ணாடி எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். கரும்பலகையில் இவ்வளவு நாளும் அவன் என்னத்தைப் பார்த்தான் என்று நினைக்க எனக்கு அழுகை வந்தது. மற்ற இரண்டு பேரோடும் இடைவேளையில் மணலில் இருக்கிறேன், மணல்தட்டு அக்கா சொன்ன மாதிரி. மெதுவாகத்தான் போகிறது.

ஒரு பிள்ளையின் அம்மம்மா வந்து நரிக் கதை சொன்னார், பதிந்தோம். பலகையில் தானே ‘யானை’ என்று எழுதினார், பழைய முறையில், ‘னை’க்கு மேலே தும்பிக்கை மாதிரிச் சுழி வைத்து. 1978 இல் தமிழ்நாட்டில் எழுத்தைச் சீர்திருத்தும் முன் படித்த கை. பிள்ளைகளுக்கு அந்த எழுத்து நல்லாகப் பிடித்துவிட்டது, யானை போலவே இருக்கிறதாம். குழப்பமாகிவிடுமோ என்று பயந்தேன், ஆகவில்லை. “அது அம்மம்மாவின் னை, இது எங்கள் னை” என்கிறார்கள்.

அட்டையைத் திருப்பிப் பார்த்த பிள்ளை நேற்று ‘ம’ அட்டையை வீட்டுக்குக் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். இன்று கொண்டுவந்து தந்தாள். பின்பக்கத்தில் தானே ஒரு மயில் கீறியிருந்தாள்.

கச்சான்

ரீச்சர், கடைசி வரியில் அழுதுவிட்டேன். எங்கள் வீட்டுக் கச்சான் கொடி, அன்னமுன்னா, துலா எல்லாம் படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். மகனின் குரலும் வரும்.

அரைச்சுவர்

றிமோட் வேலை செய்கிறது, முதிரை சேர். தரம் 3-இல் வாசிப்பில் எல்லோருக்கும் பின்னால் நின்ற பிள்ளையிடம்தான் கொடுத்தேன். இப்போது முதல் நாளே பக்கங்களை வீட்டில் பார்த்துவிட்டு வருகிறான், சின்னவர்களுக்கு முன்னால் பிழைக்கக் கூடாதாம். குளக்கட்டு ரீச்சர், உங்கள் படங்களை எனக்கும் தருவீர்களா? அரிவி வெட்டுப் பாட்டை நான் தருகிறேன்.

குளக்கட்டு

கட்டாயம். பென்ட்றைவில் போட்டு வயர்மேன் தம்பியிடம் கொடுத்து விடுகிறேன், அவர் வெள்ளிக்கிழமை எங்கள் பாடசாலைக்கு ஸ்டபிலைசர் பூட்ட வருகிறார்.

முதிரை சேரிடம் ஒரு உதவி. மழை, பழம், குழை, வாழை எல்லாம் செய்ய வேண்டும். பிள்ளைகள் ‘மளை’, ‘பளம்’ என்கிறார்கள். உண்மையைச் சொன்னால் என் வாயிலும் ‘ழ’ சரியாக வருவதில்லை. உங்கள் குரலில் ஒரு இருபது சொல் பதிந்து தருவீர்களா?

முதிரை

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வாருங்கள் ரீச்சர், ஸ்பீக்கரையும் கொண்டுவாருங்கள். பல் இரண்டு இல்லை, ஆனால் ‘ழ’வுக்கு நாக்குத்தான் வேண்டும், அது இருக்கிறது. மழை வந்தால் தகரக் கூரையில் ஒன்றும் கேட்காது, அப்படியென்றால் ஞாயிற்றுக்கிழமை பார்ப்போம்.